பேட்டரியைக் கழற்றி மாட்டிய காலம்

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துவாக்குடி போகும் டவுன் பஸ் பால்பண்ணையைத் தாண்டியதும் அரியமங்கலம் வந்துவிடும். ஆயில் மில், எஸ்.ஐ.டி. என்று நிறுத்தங்களின் பெயரைக் கேட்டாலே இது ஆலையும் பட்டறையும் வளர்த்த பகுதி என்பது புரியும். எஸ்.ஐ.டி. என்பது சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகம். திருச்சிக்கு மின்விநியோகம் கொண்டுவந்த சேஷசாயி குழுமத்தார் 1952-ல் தொடங்கிய பாலிடெக்னிக் அது. தெற்கே பொன்மலை ரயில்வே பணிமனை, கிழக்கே திருவெறும்பூர்ப் பக்கம் பெல் தொழிற்சாலை. ஸ்பேனரும் சால்டரிங் அயனும் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தஞ்சாவூர்ச் சாலையில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ரேடியோ பெட்டி, கறுப்பு வெள்ளை டிவி, டேப் ரெக்கார்டர் என்று வந்ததையெல்லாம் திறந்து பார்த்த இந்த வட்டாரத்துக்கு, 2000-களின் நடுவில் உள்ளங்கை அளவில் ஒரு புதுப் பொருள் வந்து சேர்ந்தது. கம்பெனிக்காரர்கள் அதை ஸ்மார்ட்போன் என்றார்கள். ஊர் அதை 'செட்' என்றது. "என்ன செட் வச்சிருக்க?" என்பது அந்தக் காலத்து நலம் விசாரிப்புகளில் ஒன்று.

அதற்கு முந்தைய நிலையைச் சொன்னால்தான் அந்த செட்டின் மவுசு புரியும். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல், மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசுவுக்கும் மத்திய அமைச்சர் சுக்ராமுக்கும் இடையே நடந்தது. அதன் பின் பல ஆண்டுகள் திருச்சியின் தெருமுனைகளை ஆண்டது மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துதான். செல்போன் வைத்திருந்த ஒரு சிலரும் மணி அடித்தால் முதலில் நம்பரைப் பார்ப்பார்கள், பிறகுதான் எடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பார்கள். வருகிற அழைப்புக்கும் காசு. 2003 மே மாதம் அந்தக் கட்டணம் போன பிறகுதான் செல்போன் சாமானியர் சட்டைப் பைக்குள் வந்தது. சென்னை தனி வட்டம், மீதித் தமிழ்நாடு தனி வட்டம் என்று பிரித்து வைத்திருந்ததால், திருச்சி சிம்மோடு தாம்பரம் போய் இறங்கினாலே ரோமிங் என்ற விநோதமும் அப்போது இருந்தது. பூத்துகள் ஒவ்வொன்றாக ரீசார்ஜ் கடைகளாக மாறின. ரீசார்ஜ் கடையின் மூலையில் ஒரு மேஜை, ஒரு டேபிள் லாம்ப், ஒரு செட் ஸ்க்ரூடிரைவர். சர்வீஸ் கடை பிறந்தது இப்படித்தான்.

நோக்கியா 6600 அறிவிக்கப்பட்டது 2003-ல். நம் ஊரில் பலர் பார்த்த முதல் ஸ்மார்ட்போன் அதுதான். முட்டை வடிவம், 2.1 அங்குலத் திரை, 176-க்கு 208 புள்ளிகள், விஜிஏ கேமரா, உள்நினைவகம் 6 எம்பி. கூடவே 32 எம்பி மெமரி கார்டு ஒன்று தருவார்கள். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'காலை வணக்கம்' வீடியோவே அந்த 6 எம்பியைத் தின்றுவிடும். ஆனால் சிம்பியன் என்ற இயங்குதளம் அதற்குள் ஓடியது, வெளியிலிருந்து மென்பொருளை ஏற்ற முடிந்தது, புளூடூத்தில் பாட்டும் படமும் பரிமாற முடிந்தது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா போய் வருபவர்கள் பெருத்த ஊர் திருச்சி. அங்கே வேலை பார்த்த அண்ணன், மாமா, மச்சான் வழியாகவே பல வீடுகளுக்கு இந்த செட் வந்தது. வந்த செட்டோடு தமிழில் ஒரு வரி கையேடு கிடையாது. கெட்டுப்போனால் கேட்க, அனுப்பிய அண்ணனுக்குத் திரும்ப ஐ.எஸ்.டி. போட வேண்டும். அல்லது பக்கத்துக் கடைத் தம்பியிடம் போக வேண்டும்.

முதல் தொல்லை ஹேங். இரண்டு வேலையைச் சேர்த்துக் கொடுத்தால் 6600 கல்லாக நின்றுவிடும். எந்தப் பித்தானை அழுத்தினாலும் அசையாது. பின்மூடியை நகத்தால் தள்ளிக் கழற்றி, பேட்டரியை உருவி, பத்து எண்ணி, திரும்ப மாட்டினால் இரண்டு கைகள் பற்றிக்கொள்ளும் அந்த நோக்கியாப் படத்தோடு மறுபடி உயிர் வரும். அந்தக் காலத்தில் வேறெந்த வைத்தியமும் இத்தனை பேருக்கு இத்தனை முறை பலித்ததில்லை. அடிக்கடி கழற்றி மாட்டியதில் பேட்டரி லூசாகி, பேசிக்கொண்டிருக்கும்போதே செட் ஆஃப் ஆகும். அதற்கும் மருந்து கையிலேயே இருந்தது: பஸ் டிக்கெட்டை நான்காக மடித்து பேட்டரிக்கு அடியில் திணிப்பது. சிம் எடுக்கவில்லையா, பள்ளிக்கூட ரப்பரால் அதன் பித்தளை நிறத் தகட்டைத் தேய்ப்பது.

அதற்கு அடுத்த படியில் ரகசிய எண்கள் இருந்தன. *#06# போட்டால் செட்டின் அடையாள எண்ணான ஐஎம்இஐ நம்பர். *#0000# போட்டால் சாஃப்ட்வேர் பதிப்பு. *#7780# போட்டால் அமைப்புகள் மட்டும் பழைய நிலைக்குப் போகும். *#7370# போட்டால் நம்பர், போட்டோ, மெசேஜ் அத்தனையும் துடைத்துக்கொண்டு போய்விடும். பாதுகாப்பு எண் கேட்கும்போது 12345 என்று தட்டினால் பெரும்பாலும் வழிவிடும், மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. திரையே வராத செட்டுக்கு மூன்று விரல் வைத்தியம்: பச்சைப் பித்தான், நட்சத்திரப் பித்தான், எண் 3, இந்த மூன்றையும் சேர்த்து அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் ஃபார்மேட் ஆகும். இந்த ரகசியங்கள் வாய்வழியாகவும், துண்டுச் சீட்டுகளிலும், தமிழில் வந்த கணினி இதழ்களின் கேள்வி-பதில் பகுதிகளிலும் பரவின. 7780-க்கும் 7370-க்கும் வித்தியாசம் தெரியாமல் தட்டி, கல்யாண போட்டோக்களைப் பறிகொடுத்துவிட்டுக் கடை வாசலில் வந்து நின்றவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு எந்தக் கடையிலும் மருந்தில்லை.

6600-ன் நடுவில் வெள்ளையாக ஒரு ஜாய்ஸ்டிக் இருக்கும். அதுதான் சுண்டெலி, அதுதான் ஓகே பித்தான், அதுதான் அந்த செட்டின் பலவீனமும். சட்டைப் பைத் தூசியும் வியர்வையும் உள்ளே போனால் நான்கு திசையில் ஒரு திசை வேலை செய்யாது. மேலே போகும், கீழே வராது. சர்வீஸ் மேஜையில் செட்டைப் பிரித்து, பிரஷ்ஷில் தின்னர் தொட்டுத் துடைத்து, உலர்த்தி மாட்டினால் கொஞ்ச காலம் ஓடும். அப்புறம் ஜாய்ஸ்டிக்கையே மாற்ற வேண்டும். பின்லாந்தில் குளிரில் உட்கார்ந்து வடிவமைத்தவர்கள் திருச்சியின் மே மாதத்தை மனத்தில் வைத்திருக்க வாய்ப்பில்லை. கத்திரி வெயிலில் டூவீலர் ஓட்டிப் போகிறவரின் நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும் செட்டுக்குள் உப்பு வியர்வை இறங்கும். பிரித்துப் பார்த்தால் போர்டில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். மழைக்காலத்தில் அதே கதை தண்ணீரால் நடந்தது. வீட்டில் செய்த முதலுதவி, செட்டை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைப்பது. அரிசி ஈரத்தை வெளியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சலாம், போர்டில் படிந்த உப்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கூடவே தவிடும் தூசியும் உள்ளே போகும். உடனே பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிரித்துக் கழுவ வேண்டும் என்று கடைக்காரர்கள் அன்றே தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்கள். ஆப்பிள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களிடம் 'அரிசியில் போடாதீர்கள்' என்று எழுதியது 2024-ல்.

செல்போனுக்கு வைரஸ் வரும் என்று 2004-க்கு முன் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அந்த ஆண்டு ஜூனில் கேபிர் வந்தது. இதே சிம்பியன் செட்டுகளைக் குறிவைத்த புழு அது. புளூடூத் திறந்திருக்கும் அக்கம்பக்கத்து செட்டுக்கெல்லாம் தன்னை அனுப்பும். 'ஏற்கவா?' என்று கேட்கும். யாரோ பாட்டு அனுப்புகிறார்கள் என்று ஆம் சொன்னால் தொலைந்தோம். பெரிய நாசம் ஒன்றும் செய்யாது, ஓயாமல் அடுத்த செட்டைத் தேடித் தேடியே பேட்டரியைக் காலி செய்துவிடும். காலையில் சார்ஜ் ஏற்றியது மதியத்துக்குள் காலி என்றால், "புளூடூத்த அணைச்சு வை தம்பி" என்பதே முதல் அறிவுரை. கூட்டம் நிரம்பிய டவுன் பஸ் கேபிருக்கு அமைந்த வேட்டைக்காடு. அடுத்த ஆண்டு வந்த காம்வாரியர் எம்எம்எஸ் வழியாகவும் பரவியது, அது காசையும் சேர்த்துத் தின்றது.

பேட்டரி விஷயம் தனிக் கதை. 850 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பிஎல்-5சி பேட்டரிதான் 6600-க்கும். டார்ச் லைட் வைத்த மலிவான 1100-க்கும் அதே குடும்பத்து பேட்டரிதான். பணக்காரர் செட்டுக்கும் கூலித் தொழிலாளி செட்டுக்கும் ஒரே பேட்டரி என்பதால் எந்தப் பெட்டிக்கடையிலும் அது கிடைத்தது, போலியும் அதே வேகத்தில் கிடைத்தது. பழைய பேட்டரி நல்லதா என்று பார்க்கக் கடைக்காரர் மீட்டரைத் தேட மாட்டார். கண்ணாடி மேஜைமேல் படுக்க வைத்து விரலால் ஒரு சுண்டு. நல்ல பேட்டரி என்றால் தட்டையாகக் கிடக்கும், அரைச் சுற்றுகூட வராது. வயிறு உப்பிய பேட்டரி பம்பரமாகச் சுழலும். உள்ளே வேதிப்பொருள் சிதைந்து வாயு சேர்ந்ததால் நடு உயர்ந்து, ஒரே புள்ளியில் நிற்கிறது என்பதுதான் காரணம். வாடிக்கையாளர் கண்முன்னே செய்து காட்டும் சோதனை என்பதால் 'புதுசு போடணும்' என்று சொல்லும்போது பேரம் எழாது.

2007 ஆகஸ்டில் அந்தப் பேட்டரி உலகச் செய்தியானது. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்து கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியா அறிவித்தது. உலகம் முழுக்கப் பதிவானவை சுமார் 100 சம்பவங்கள்தான். செய்தி சேனல்கள் 'செல்போன் வெடிக்கிறது' என்று ஓட்டியதில் இந்தியாவில் பீதி கிளம்பியது. பேட்டரியின் முதுகில் பொடி எழுத்தில் இருந்த 26 இலக்க எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சரிபார்க்கும் வேலை சர்வீஸ் மேஜைகளுக்கு வந்தது. எண்ணே இல்லாத போலி பேட்டரிக்காரர்கள்தான் பாவம். திரும்பப் பெறும் பட்டியலில் அவர்கள் இல்லை, ஆபத்தின் பட்டியலில் எப்போதும் இருந்தார்கள்.

இவ்வளவுக்கும் அந்தக் காலத்து நோக்கியா செட்டுகளில் பல நம் பக்கத்திலேயே செய்யப்பட்டவை. திருச்சியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து இளம்பெண்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். செய்யும் கை தமிழ்க் கை, பழுது பார்க்கும் கையும் தமிழ்க் கை. ஆனால் ஆலைக்கும் பழுதுக் கடைக்கும் இடையே நேர்வழி எதுவும் கிடையாது. போர்டின் சர்க்யூட் படங்களும், ஃப்ளாஷ் ஃபைல்களும், பீனிக்ஸ் என்ற சர்வீஸ் மென்பொருளும் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட மையங்களுக்கு மட்டும் உரியவை. அவை கசிந்துதான் தெருவுக்கு வந்தன. ஜாஃப், யுஎஃப்எஸ் என்ற பெயர்களில் கைக்கடக்கமான பெட்டிகள் விற்றன, கணினிக்கும் செட்டுக்கும் நடுவே அதை மாட்டினால் செத்த மென்பொருளைத் திரும்ப எழுதலாம். 'சாஃப்ட்வேர் போடணும்' என்றால் இந்த பாக்ஸ் வேலை. இன்னொரு பொக்கிஷம் சொல்யூஷன் படங்கள். போர்டின் பெரிய போட்டோமேல் சிவப்பிலும் பச்சையிலும் கோடு வரைந்து, 'சார்ஜ் ஏறவில்லையா, இந்தப் புள்ளியிலிருந்து இந்தப் புள்ளிக்கு ஜம்பர்' என்று காட்டியிருக்கும். எங்கோ கராச்சியிலோ கெய்ரோவிலோ ஒரு மெக்கானிக் கண்டுபிடித்துப் போட்ட கோட்டை, திருச்சி சிங்காரத்தோப்பில் ஒருவர் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருப்பார். தலைமுடி அளவு செப்புக் கம்பியை பூதக்கண்ணாடிக்கடியில் வைத்துப் பற்றவைப்பதுதான் ஜம்பர் போடுவது. கை நடுங்கினால் பக்கத்து ஐசி போச்சு. இந்த வேலையைப் பட்டம் வாங்காதவர்கள் பலர் அழகாகச் செய்தார்கள். பின்னாளில் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் செல்போன் சர்வீஸை 30 நாள் பாடமாக்கின. அதற்குள் ஒரு தலைமுறை கடையிலேயே கற்று முடித்திருந்தது.

இன்டர்நெட்டை செட்டுக்குள் கொண்டுவருவது இன்னொரு போராட்டம். கஸ்டமர் கேருக்கு மெசேஜ் அனுப்பினால் செட்டிங்ஸ் வரும், சேமிக்கும்போது பின் கேட்கும், 1234 போட வேண்டும். வராவிட்டால் கையால் அடிக்க வேண்டும்: ஏர்டெல் என்றால் 'ஏர்டெல்ஜிபிஆர்எஸ் புள்ளி காம்', பிஎஸ்என்எல் என்றால் 'பிஎஸ்என்எல்நெட்'. ஒரு எழுத்து தப்பினால் இணைப்பு வராது, சில நேரம் பாக்கியிருந்த காசு மட்டும் போகும். என்73 போன்ற அடுத்த தலைமுறைச் சிம்பியன் செட்டுகள் வந்தபோது புதிதாக ஒரு முட்டுக்கட்டை. மென்பொருளை ஏற்றப் போனால் 'சான்றிதழ் காலாவதியாகிவிட்டது' என்று வந்து நிற்கும். அதற்குக் கண்டுபிடித்த வழி, செட்டின் தேதியை ஓரிரு ஆண்டு பின்னால் தள்ளி வைப்பது! செட் தன்னை 2006-ல் இருப்பதாக நம்பும், மென்பொருளை ஏற்றிக்கொள்ளும், அப்புறம் தேதியைச் சரிசெய்துகொள்ளலாம். மறந்துவிட்டால் வருகிற மெசேஜெல்லாம் பழைய தேதியில் போய் ஒளிந்துகொள்ளும்.

ஆனால் ஒரு தமிழருக்கு இந்த செட்டுகள் செய்த பெரிய துரோகம் தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டியதுதான். தினசரியின் இணையப் பக்கத்தைத் திறந்தால் வரிசை வரிசையாக வெற்றுச் சதுரங்கள். இதற்குக் கிடைத்த தீர்வு விசித்திரமானது. ஓபேரா மினி உலாவியின் முகவரிப் பட்டையில் ஓபேரா என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, கான்ஃபிக் என்று அடிக்க வேண்டும். மறைந்திருந்த ஒரு பட்டியல் திறக்கும். அதன் அடியில் 'சிக்கலான எழுத்துகளுக்குப் பட எழுத்துரு' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதை ஆம் என்று மாற்றிச் சேமித்தால், தமிழ் வந்துவிடும்! நிஜத்தில் செட்டுக்குத் தமிழ் தெரிந்துவிடவில்லை. எங்கோ இருக்கும் ஓபேராவின் சர்வர் தமிழ் எழுத்துகளைச் சிறு படங்களாக வரைந்து அனுப்பியது. டேட்டா கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், யாரும் கணக்குப் பார்க்கவில்லை. செல்போனில் தமிழுக்காக நடந்த வேலைகளில் முன்னோடி, மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005-ல் சிங்கப்பூரில் வெளியிட்ட செல்லினம். அதைக் கொண்டு தமிழில் எஸ்எம்எஸ் எழுத முடிந்தது, பெறுபவரின் செட்டிலும் அது இருந்தால் படிக்கவும் முடிந்தது.

ஆண்ட்ராய்டு இந்தியாவுக்கு வந்தது 2009-ல், எச்டிசி மேஜிக் செட்டோடு. பிறகு மைக்ரோமேக்ஸும் சாம்சங்கும் விலையைக் கீழே கொண்டுவந்தபோது அதே கட்டங்கள் திரும்ப வந்தன. துணிந்தவர்கள் செட்டை ரூட் செய்து, அதாவது கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து, உள்ளிருந்த எழுத்துருக் கோப்பைத் தூக்கிவிட்டுத் தமிழ் எழுத்துரு ஒன்றை அந்த இடத்தில் வைத்தார்கள். எழுத்து வந்தது, சேர்க்கை வரவில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. 'கெ' என்று வர வேண்டிய இடத்தில் க முதலில், கொம்பு அப்புறம். படிக்கப் பழகிக்கொண்டார்கள் என்பதுதான் ஆச்சரியம். ஆண்ட்ராய்டு 4 வந்த பிறகே இது ஒழுங்கானது. ஐபோனில் தமிழ் விசைப்பலகை 2013-ல் ஐஓஎஸ் 7-உடன் வந்தது. 2008 ஆகஸ்ட் 22-ல் 31,000 ரூபாய்க்கு இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐபோன் 3ஜி முதல் எண்ணினால், ஐபோன் தமிழில் எழுத ஐந்து ஆண்டு காத்திருக்க வைத்தது.

இந்தக் கதையில் அரசாங்கம் நேரடியாக நுழைந்த ஓர் இரவு உண்டு: 2009 நவம்பர் 30. அதற்கு முந்தைய ஆண்டுகளில் சைனா செட்டுகள் ஊரை நிறைத்திருந்தன. இரண்டு சிம், தெருவுக்கே கேட்கும் ஸ்பீக்கர், இழுத்தால் நீளும் டிவி ஆன்டெனா, விலையோ நோக்கியாவில் பாதிகூட இல்லை. இல்லாதது ஒன்றுதான், முறையான ஐஎம்இஐ எண். *#06# போட்டால் 15 சுழியங்கள் வரும், அல்லது ஆயிரக்கணக்கான செட்டுகளில் ஒரே எண் இருக்கும். மும்பைத் தாக்குதலுக்குப் பின் தொலைத்தொடர்புத் துறை இதில் கெடுபிடி காட்டியது. எண் இல்லாத செட்டுகளின் இணைப்பை அந்த இரவோடு துண்டிக்க உத்தரவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பலருக்கு, தாங்கள் வாங்கியது எண்ணில்லாத செட் என்றே தெரியாது. அவர்களுக்காகத் தொழில்துறை அமைப்புகள் சேர்ந்து, குறிப்பிட்ட மையங்களில் 199 ரூபாய்க்கு முறையான எண்ணைப் பதித்துத் தந்தன. இன்னொரு பக்கம், கையில் இருந்த பாக்ஸை வைத்து ஏதோ ஒரு எண்ணை எழுதிக் கொடுத்த கடைகளும் நாட்டில் இருந்தன. அது குற்றம். 2017-ல் தனி விதியே வந்து, ஐஎம்இஐ எண்ணைத் திருத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை என்றானது.

பிறகு கரண்ட் போனது. 2008-ல் தொடங்கிய மின்வெட்டு 2012-ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியது. ஒரு நாள்கூடத் தாங்காத ஆண்ட்ராய்டு செட் தமிழ்நாட்டுச் சந்தைக்கு வந்து இறங்கியதும் அதே ஆண்டுகளில்தான். சாம்சங் கேலக்ஸி ஒய் 2011-ல் வந்தது. 3 அங்குலத் திரை, 1200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி. பட்டறைக்காரர்களும் கல்லூரிப் பையன்களும் இரண்டு பேட்டரி வைத்துக்கொண்டார்கள். ஒன்று செட்டில், இன்னொன்று கலர் லைட் மின்னும் கிளிப் சார்ஜரில். கரண்ட் வரும் அந்த ஒரு மணி நேரத்தில் ஏறியது ஏறியதுதான். கரண்ட் வரும்போது வோல்டேஜ் தாவினால் மலிவு சார்ஜர் முதலில் போகும், கூடவே சில சமயம் சார்ஜிங் ஐசியும் போகும். கேலக்ஸி ஒய்யின் இன்னொரு தீராத வியாதி இடப் பற்றாக்குறை. உள்நினைவகம் 180 எம்பி அளவே. வாட்ஸ்அப்பையும் ஃபேஸ்புக்கையும் சேர்த்து வைத்தால் 'போதிய இடமில்லை' என்ற அறிவிப்பு வந்து மெசேஜே வராமல் நின்றுவிடும். ஒன்றை அழித்து ஒன்றை ஏற்றுவது என்று குடும்பம் நடத்தினார்கள்.

வீழ்ச்சி வேகமாக வந்தது. 2014 நவம்பர் 1-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டது. பின்மூடி திறக்காத, பசை போட்டு ஒட்டிய செட்டுகள் வந்தன. பேட்டரியை உருவும் வைத்தியம் அன்றோடு முடிந்தது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்காரர்களின் பழைய தோழனான ஏர்செல் சிக்னல் இழந்தது. நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற 1900-க்கு மெசேஜ் அனுப்ப வேண்டும், மெசேஜ் அனுப்ப சிக்னல் வேண்டும். இந்த முடிச்சை எந்தக் கடையாலும் அவிழ்க்க முடியவில்லை, ஊர் ஊராக ஏர்செல் கடைகளை மக்கள் முற்றுகையிட்டார்கள். வாட்ஸ்அப் 2017 ஜூன் 30-ல் சிம்பியனைக் கைவிட்டது. 2020 பிப்ரவரி 1-ல் ஆண்ட்ராய்டு 2.3-ஐக் கைவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேலக்ஸி ஒய்கள், ஒரு ஸ்க்ரூகூடக் கழலாமல், அன்று செத்தன.

இந்த வரலாற்றில் ஒரு நியாயம் பேச வேண்டியிருக்கிறது. தொடக்க கால ஸ்மார்ட்போனை இங்கே வாழ வைத்தது கம்பெனிகளின் சேவை மையம் அல்ல, கசிந்த சர்க்யூட் படமும் கடைத் தம்பியின் பொறுமையும்தான். அந்தப் படங்களை முறையாகவே கொடுத்திருந்தால் போலி பேட்டரியும் கள்ள பாக்ஸும் இவ்வளவு தழைத்திருக்காது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் குழு அமைத்தது, அந்த ஆண்டு இறுதியில் தனி இணையவாசலும் திறந்தது. நல்லதுதான், பதினைந்து ஆண்டு தாமதம்.

கடைசியாக, இந்த செட்டுகள் போய்ச் சேர்ந்த இடம் பற்றி. திருச்சி மாநகரின் குப்பை பல பத்தாண்டுகளாக வந்து குவிந்தது இதே அரியமங்கலத்தில்தான். ஏறத்தாழ 47 ஏக்கர் கிடங்கு, அடிக்கடி தீப்பற்றி வட்டாரத்தையே புகையில் மூழ்கடித்தது. குப்பை மலையைக் கிளறிப் பிரிக்கும் பயோமைனிங் பணி ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடந்தது. மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே மாதமே நடைமுறைக்கு வந்துவிட்டன, பழைய செட்டைத் திரும்பப் பெறும் பொறுப்பு அதைத் தயாரித்தவருடையது என்று அவை சொல்லின. உங்கள் வீட்டு மேஜை இழுப்பறையில் ஒரு 6600-ஓ கேலக்ஸி ஒய்யோ கிடந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜில் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், செட்டிலிருந்து தனியே எடுத்து வையுங்கள். வாசலுக்கு வரும் குப்பை வண்டியில் மற்ற குப்பையோடு கலந்து போடாமல், மின்னணுக் கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்றவரிடம் சேர்த்துவிடுங்கள்.